சின்னம்மா கேட்ட கேள்வி

போன மாதம் கோவையில், இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த சின்னம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். ஜெபிக்க வந்த பெரியவர் ஒருவர் கிளம்பும்போது, "கர்த்தர் சிட்சிக்கிறாருங்க. எங்கே தவறுனீங்கன்னு யோசிச்சுப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர்தான். ஆனால் அன்று ராத்திரி சின்னம்மா தூங்கவில்லை. "நான் என்ன பண்ணீட்டேன் கண்ணு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

சிட்சை என்றாலே நமக்குத் தண்டனை. அதன் வடமொழி மூலச் சொல்லுக்குக் கல்வி என்று பொருள். 'சர்வ சிக்ஷா அபியான்' என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருக்குமே, அதே சிக்ஷாதான். எபிரெயர் 12-ஆம் அதிகாரத்தில் இந்த இடத்தில் வரும் கிரேக்கச் சொல் 'பைதேயா': பிள்ளையைப் பழக்கி வளர்த்து ஆளாக்குவது. அந்த நிருபம் யாருக்குப் போனது என்று பாருங்கள். விசுவாசத்துக்காக ஏச்சு வாங்கி, சொத்தைப் பறிகொடுத்துச் சோர்ந்திருந்த ஜனங்களுக்கு!

தகப்பன் கண்டிக்கவே மாட்டார் என்று நான் சொல்லவில்லை. தாவீதைக் கண்டிக்க நாத்தான் வந்தார். வந்தவர் குற்றம் இன்னதென்று நேராகச் சொன்னார். படுக்கையில் கிடப்பவரிடம் போய், உன் பாவத்தை நீயே தேடு என்று சொல்லவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும், இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்பதாகவே இயேசு பதில் சொன்னார்.

தொண்டாமுத்தூர் பக்கம் திராட்சைப் பந்தல் வைத்திருப்பவர்களுக்குக் கவாத்து தெரியும். வெட்டி முடித்த கொடியைப் பார்த்தால், பட்டுப்போய்விட்டது என்றுதான் வெளியூர்க்காரர் நினைப்பார். நாலு மாதம் கழித்து வந்தால் பன்னீர் திராட்சை கொத்துக்கொத்தாய்த் தொங்கும். காய்க்கிற கொடிக்குத்தான் கவாத்து என்று யோவான் 15-லும் இருக்கிறது.

ஆனால் இதையும் நோயாளியிடம் நாம் போய்ச் சொல்லக்கூடாது. பட்டவர் சொல்லலாம். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் இல்லத்தை நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931 அக்டோபர் 24 அன்று ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். வயது 63. இன்னும் நன்றாக ஊழியம் செய்ய என்னை எப்படி வேண்டுமானாலும் ஆக்கும் என்று அன்று காலையில்தான் ஜெபித்திருந்தார். அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அந்த ஒரே அறைதான். திடமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதிய ஆறுதல் புத்தகங்கள் அவருக்கு ஒட்டவில்லை. அதனால் நோயாளிகளுக்கு ஒரு நோயாளியாகத் தானே எழுத ஆரம்பித்தார். வலி போனதாக எங்கும் சொல்லவில்லை. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை மட்டும் வைத்தார்கள்.

சின்னம்மா வீடு திரும்பிய பிறகு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்தம்மா கடைசி வரைக்கும் எந்திரிக்கவே இல்லையா?"

"இல்லீங்க சின்னம்மா."

"ஆனா யாரும் அவங்களை என்ன பாவம் பண்ணுனேன்னு கேக்கலையாட்டம் இருக்குது" என்றார். பிறகு, "அந்தப் பெரியவரு ஞாயித்துக்கிழமை வர்றேன்னாரு. சர்க்கரை இல்லாத காப்பி. ஞாபகமா வெச்சுக் குடு."