தராசு பொய் சொல்லலாமா?



எங்கள் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு வந்திருக்கிறீர்களா? மல்லிகையும் பிச்சியும் குவிந்து கிடக்கும். அங்கே ஒன்றைக் கவனியுங்கள். வெறும் தராசு பூஜ்ஜியம் காட்ட வேண்டும். ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தால், சரியாக ஒரு கிலோ காட்ட வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் அந்தத் தராசை நம்பலாம்.

வானத்திலும் இப்படி ஒரு தராசு சுற்றியது தெரியுமா? இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து செய்த ‘மேகா டிராபிக்ஸ்’ செயற்கைக்கோள், 2011 அக்டோபர் 12-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றியதால் நம் ஊரையும் அது பார்த்தது. அதிலிருந்த ‘ஸ்காரப்’ என்ற கருவி, பூமியிலிருந்து வெளியே போகும் ஒளியையும் வெப்பத்தையும் அளந்தது.

எதற்காக? பூமிக்கு வரும் வெயில், சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு 340 வாட். அதில் சுமார் 100 வாட்டை மேகமும் பனியும் நிலமும் திருப்பி அனுப்பிவிடும். சுமார் 240 வாட் வெப்பமாக வெளியேறும். வரவும் செலவும் சமமானால் பூமியின் சூடு ஏறாது. ஆனால், இப்போது ஏறத்தாழ 1 வாட் உள்ளேயே தங்கிவிடுகிறது. கடலும் காற்றும் சூடாவது இதனால்தான். 340-ல் வெறும் 1! தராசு கொஞ்சம் பொய் சொன்னாலும் கணக்கே கெட்டுவிடும்.

விண்வெளியில் கடுமையான கதிர்கள் பட்டுக் கருவியின் கண்ணாடி மங்கலாம். ரிப்பேர் பார்க்க ஆள் அனுப்ப முடியுமா? அதனால் ஸ்காரப் தன்னைத்தானே சோதித்துக்கொண்டது. பூமியை அளக்கும்போதே இருண்ட, குளிர்ந்த விண்வெளியையும் பார்த்துக்கொள்ளும். அதுதான் அதன் பூஜ்ஜியம். சூடு எவ்வளவு என்று முன்பே தெரிந்த கறுப்புப் பொருளையும் பார்க்கும். அதுதான் எடைக்கல்! போதாததற்கு, நாசாவின் ‘செரஸ்’ கருவி காட்டிய அளவோடும் விஞ்ஞானிகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

2023 மார்ச் 7-ம் தேதி, பசிபிக் கடலுக்கு மேலே அந்தச் செயற்கைக்கோளை இஸ்ரோ பத்திரமாக எரிந்துபோகச் செய்தது. அது தந்த அளவுகள் மட்டும் நம்மிடம் இருக்கின்றன.

ராக்கெட் கிளம்பும்போது எல்லாரும் கைதட்டுகிறோம். கருவியைப் பொறுமையாகச் சோதிப்பவர்களுக்கும் அதே கைதட்டல் வேண்டும் என்பது என் கருத்து.

சோதிப்பது அவமானமல்ல. ஒருமுறை விடைத்தாளில் மார்க்கைத் தவறாகக் கூட்டிவிட்டேன். “டீச்சர், இன்னொரு தடவை கூட்டிப் பாருங்க” என்றான் ஒரு மாணவன். கூட்டினேன், எட்டு மார்க் குறைந்திருந்தது! எனக்குக் கோபம் வரவில்லை. அன்றிலிருந்து எல்லா விடைத்தாளையும் இரண்டு முறை கூட்டினேன்.

நீங்களும் கணக்கை முடித்ததும் ஒருமுறை சரிபாருங்கள். தன் தவறைத் தானே தேடுபவர்தான் நல்ல விஞ்ஞானி. சரிதானே, செல்லங்களே?