நாலு ஜிபி கணினிக்காக எழுதுவோம்
மைசூரு மென்பொருளாளர்களின் கொள்கைப் பிரகடனம்

மைசூருவில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நாங்கள், தமிழரும் கன்னடருமாக, இன்று ஓர் இயக்கமாகக் கூடியிருக்கிறோம். எங்கள் கோரிக்கை முதலில் எங்களிடம்தான்: இணையத் தொழில்நுட்பத்தில் கட்டும் டெஸ்க்டாப் செயலி, அதை வாங்கியவரின் கணினியில் நன்றாக ஓட வேண்டும். எழுதியவரின் கணினியில் ஓடினால் போதும் என்ற பழக்கத்தை இன்றோடு விடுகிறோம்.

2013இல் கிட்ஹப் நிறுவனம் தன் ஆட்டம் எடிட்டருக்காக உருவாக்கிய 'ஆட்டம் ஷெல்', 2015இல் எலக்ட்ரான் எனப் பெயர் மாறியது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த நாலு பேர் சேர்ந்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே கோடில் செயலி தரலாம் என்ற நிலை அதனால் வந்தது. லினக்ஸை யாரும் சீண்டாத காலத்தில் அதற்கும் செயலிகள் கிடைத்தன. எங்களில் பலருக்குச் சோறு போடுவதும் அதுதான். அதைப் பழிக்க நாங்கள் கூடவில்லை.

ஆனால் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கிறோம். ஒவ்வொரு எலக்ட்ரான் செயலியும் ஒரு முழு குரோமியம் உலாவியையும் நோட்.ஜேஎஸ்ஸையும் உடன் சுமந்து வருகிறது. நாலு செயலியைத் திறந்தால் நாலு உலாவி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பல ப்ராசஸ்கள். 32 ஜிபி ராம் உள்ள எங்கள் லேப்டாப்பில் இது உறைப்பதே இல்லை.

தேவராஜ மார்க்கெட் பக்கத்து மொத்தக் கடை ஒன்றின் கணக்கர் மேசைக்குப் போய்ப் பாருங்கள். 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். டேலி என்னும் கணக்கு மென்பொருளில் அவர் விரல் பறக்கிறது: எஃப்8 தட்டினால் விற்பனை வவுச்சர், எஃப்5 தட்டினால் பேமென்ட், மவுஸைத் தொடுவதே இல்லை. ஆர்டர் பார்க்க எலக்ட்ரானில் கட்டிய ஓர் அரட்டைச் செயலியைத் திறந்ததும் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது. அடித்த எழுத்து திரைக்கு வர நேரமாகிறது. "சிஸ்டம் பழசாயிடுச்சு, மாத்தணும் சார்" என்கிறார். குற்றம் கணினியின் மேல் விழுகிறது, எழுதியவர்கள் தப்பிவிடுகிறோம். 1986இல் தொடங்கிய டேலி, பக்கத்து பெங்களூருவில் வளர்ந்தது. சாதாரணக் கணினியை மதித்து எழுதுவது எப்படி என்று கற்க வெகுதூரம் போக வேண்டியதில்லை.

வேகத்தைவிடக் கவலை தருவது பாதுகாப்பு. 2023 செப்டம்பரில் குரோமியத்துக்குள் இருக்கும் லிப்வெப்பி என்னும் பட நூலகத்தில் ஆபத்தான ஓட்டை வெளிப்பட்டது. குரோம் தன்னை உடனே திருத்திக்கொண்டது. எலக்ட்ரான் செயலிகளையோ, அவரவர் தனித்தனியாகப் புதுப்பித்து வெளியிட வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டுக் கைகழுவிய செயலிக்குள் அந்த ஓட்டை அப்படியே கிடக்கும்.

அடுத்தது மொழி. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இருக்கும் ஊர் இது. இங்கே எழுதும் செயலியிலேயே வரி உயரத்தைச் சிஎஸ்எஸ்ஸில் இறுக்கிக் கட்டி, எழுத்துக்குக் கீழே தொங்கும் கன்னட ஒத்தக்ஷரத்தின் அடிப்பாகத்தை வெட்டுகிறோம். ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பட்டனில் தமிழ்ச் சொல் பாதியில் நின்று மூன்று புள்ளியாகிறது. இதை வெட்கக்கேடாகவே நாங்கள் கருதுகிறோம்.

கருவியின் மேல் பழிபோட முடியாது. விஎஸ் கோடு எடிட்டரும் எலக்ட்ரான்தான். அதன் டெர்மினல் மந்தமாக இருந்தபோது 2017இல் வரையும் முறையையே மாற்றினார்கள். பெரிய கோப்புகள் திணறியபோது 2018இல் உரையைச் சேமிக்கும் அமைப்பைப் புதிதாக எழுதினார்கள். டீம்ஸ் அரட்டைச் செயலி 2023இல் எலக்ட்ரானை விட்டு, கணினியில் உள்ள உலாவி எஞ்சினைப் பயன்படுத்தும் வெப்வியூ2-க்கு மாறியது. 2022இல் முதல் முழுப் பதிப்பு கண்ட டௌரி என்னும் கருவி, கணினியில் ஏற்கெனவே உள்ள வெப்வியூவையே பயன்படுத்துவதால் சில எம்பி-யில் செயலியை முடிக்க வழி தருகிறது. மனம் வைத்தால் முடியும்.

ஆகவே உறுதி ஏற்கிறோம். 4 ஜிபி கணினி ஒன்று எங்கள் ஒவ்வோர் அலுவலகத்திலும் இருக்கும். அதில் சோதிக்காத எதையும் வெளியிட மாட்டோம். மவுஸ் இல்லாமல் எல்லா வேலையும் நடக்க வேண்டும். நெட் போனால் திரை வெளுக்கக் கூடாது. எலக்ட்ரான் ஆதரவு தரும் பதிப்புகளுக்குப் பின்னால் எங்கள் செயலி தங்காது. அதற்கான பராமரிப்புச் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதுவோம், கேட்கக் கூச்சப்பட மாட்டோம். தமிழிலும் கன்னடத்திலும் தட்டச்சு செய்து, அழித்து, தேடிப் பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்வோம். ஒரு சின்னப் பில் போடும் செயலிக்கு உலாவியே தேவையில்லை என்றால், அதை வாடிக்கையாளரிடம் சொல்வோம், எங்களுக்குப் பழக்கமில்லாத கருவியைக் கற்க நேர்ந்தாலும்.

ஹெப்பாளில் இருக்கும் இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகத்துக்கு நாடெங்கிலும் இருந்து இளைஞர்கள் வருகிறார்கள். இங்கே படியும் பழக்கம் சென்னைக்கும் புனேவுக்கும் கூடவே போகிறது. அவர்களையும் இந்தக் கல்லூரி நகரத்தின் மாணவர்களையும் இந்த இயக்கத்தின் கூட்டங்களுக்கு அழைக்கிறோம். கட்டணம் கிடையாது. நீங்கள் எழுதிய ஒரு செயலியை எடுத்து வாருங்கள். 4 ஜிபி கணினியில் அதைத் திறந்து, அது தின்னும் நினைவகத்தையும், திறக்க எடுக்கும் நொடிகளையும் எல்லோர் முன்னாலும் குறிப்போம். எங்கள் செயலிகளின் கணக்கை முதலில் எழுதுகிறோம்.