கணிப்பொறியின் புழக்கடைக் கதவுகள்

வாசலில் பெரிய பூட்டு. புழக்கடைக் கதவோ சாத்தியும் சாத்தாமலும் கிடக்கிறது. நம்மில் பலருடைய கணிப்பொறி இத்தகைய வீடுதான், நண்பர்களே! கடவுச்சொல் உண்டு, வைரஸ் தடுப்பும் உண்டு. ஆனால், நாம் ஒருநாளும் தொட்டறியாத நிரல்கள் எத்தனை உள்ளே ஓடிக்கொண்டிருக்கின்றன என்று கேட்டால் விழிக்கிறோம். "கிடந்துவிட்டுப் போகட்டுமே, சோறா கேட்கிறது?" என்கிறோம். அந்த அலட்சியம் தவறு என்பதே என் கருத்து.

2017 மே 12ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். வான்னாகிரை என்னும் நச்சுநிரல் சுமார் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையில் 236 அமைப்புகளுள் குறைந்தது 80 பாதிப்புற்றன. ஆயிரக்கணக்கான நோயாளிகள் மருத்துவரைக் காண முடியாமற் போயிற்று. அது நுழைந்த வழி எது? கோப்புகளைப் பகிர்வதற்கென விண்டோஸில் இருந்த எஸ்.எம்.பி. என்னும் ஏற்பாட்டின் முதற்பதிப்பு! 2007இல் கடைக்கு வந்த விஸ்டாவிலேயே அதன் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. பத்தாண்டு கழிந்தும் பழையது விலகவில்லை. எங்கோ ஒரு பழைய ஸ்கேனருக்கு வேண்டியிருக்கும் என்று, தேவையில்லாத கணிப்பொறிகளிலும் குடியிருந்தது. மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டது உண்மைதான். ஆனால், திருத்தத்தைப் போடாதவர்கள்கூட அந்தப் பழம்பதிப்பை நிறுத்தி வைத்திருந்தால் அவ்வழி அடைபட்டிருக்கும் அன்றோ?

இது புதுக்கதையும் அன்று. 1988 நவம்பரில் பரவிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளுள் ஒன்று, அஞ்சல் நிரலில் சோதனைக்கென வைத்து அணைக்காமல் விட்ட வசதியாகும். 2021இலோ பிரிண்ட் ஸ்பூலரின் முறை. ஒரு தாளும் அச்சிடாத சர்வர்களிலும் உச்ச அதிகாரத்தோடு அது ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஓட்டை தெரிந்தபின், அச்சிடாத பொறிகளில் அதை நிறுத்துமாறு அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை அறிவுறுத்தியது.

அதற்காகக் கண்டதையெல்லாம் பிடுங்கி எறிவதா? கூடாது. விடுதியில் என் அறை நண்பன் ஆர்வக் கோளாறில் எதையோ நிறுத்தப்போய், இரண்டு நாள் ஊமைக் கணிப்பொறியோடு திண்டாடினான். (அந்த இரண்டு நாளும் அறை அமைதியாக இருந்தது என்பது வேறு விஷயம்!) எது எதற்கென்று அறிந்து நிறுத்த வேண்டும், அதற்கு ஆசிரியர் துணை வேண்டும்.

நம் ஆய்வுக்கூடத்தில் அச்சு எடுப்பது ஆசிரியர் மேசைப் பொறியில் மட்டுமே. ஏனையவற்றில் ஸ்பூலர் எதற்கு? ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒரு பிற்பகலை ஒதுக்கி, ஓடும் சேவைகளைப் பட்டியலிட்டு, வேண்டாதவற்றை நிறுத்தி, எதை ஏன் நிறுத்தினோம் என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். நம் மதிப்பெண்ணும், உதவித்தொகைக்குக் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணும் அதே கேபிளின் மறுமுனையில், அலுவலகப் பொறியில் இருக்கின்றன. இந்தப் பருவத்திலேயே தொடங்கலாமே!