கம்பி வரும்வரை கண் காத்திருக்குமா?

கம்பி இழுத்தால் இலாபம் வராதாம்; ஆகவே சிற்றூருக்கு விரைவான இணையத் தொடர்பு இப்போதைக்கு இல்லையாம்! சீமான் வாழும் வீதிக்கு ஒரு நீதி. உழைப்பவன் வாழும் ஊருக்கு வேறு நீதி. இந்தக் கணக்கை நாம் ஏற்பதற்கில்லை. மறுப்பதற்குச் சான்று நமது தேனியிலேயே இருக்கிறது.

கண் மங்கிய கூலிக்காரக் கிழவி டாக்டரைப் பார்க்கவேண்டுமானால் ஒரு நாள் கூலி போகும். பஸ் கட்டணம் போகும். கைபிடித்து அழைத்துச் செல்லும் மகனின் கூலியும் போகும். ஆகவே அவள் போவதில்லை. 2006-இல் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக் கழக ஆராய்ச்சியாளரும் ஐந்து கிராமக் கண் மையங்களைக் கம்பியின்றி இணைத்தனர். நோயாளி ஊர்ப்பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் தேனியிலிருந்தே திரையில் பார்த்துப் பேசினார்.

கருவி என்ன? வீட்டுக்குள் எட்டும் அதே வைஃபைதான்! உயர்ந்த கம்பங்களில், நேருக்கு நேர் பார்க்கும் ஆன்டெனாக்களைக் கட்டினர். ஒரு தடை இருந்தது. அனுப்பிய ஒவ்வொரு துணுக்குக்கும் "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்கு வைஃபை காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் பிந்தும், தொலைந்ததென்று மறுபடி அனுப்பும், வேகம் விழும். வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல, இரு முனையும் முறைவைத்து மொத்தமாக அனுப்பும்படி மென்பொருளை மாற்றினர். விநாடிக்கு 6 மெகாபிட் வரை வேகம் கிடைத்தது.

வெனிசுலாவில் 2006-இல் 279 கிலோமீட்டர் தாண்டிய வைஃபை, ஊர்ந்துதான் சென்றது. பெர்க்லி மென்பொருளைச் சேர்த்தபின், 2007-இல் 382 கிலோமீட்டர் தாண்டியும் ஒவ்வொரு திசையிலும் 3 மெகாபிட் ஓடியது!

மலை மறித்தால் அலை நிற்கும். கூட்டம் சேர்ந்தால் வேகம் குறையும். கண்ணாடியிழைக் கம்பிக்கு இது ஈடல்ல. உண்மைதான். ஆனால், கம்பி வரும்வரை கண் காத்திருக்குமா?

2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும், 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதியையும் வெளிப்புறப் பயனுக்கு உரிமமின்றி மைய அரசு திறந்துவிட்டது. அந்த வாசல் அடைபட்டிருந்தால், கருவி மலிந்து என்ன பயன்?

எனவே நாம் கேட்கிறோம்: பொது அலைவரிசையில் கை வைக்காதீர்! கம்பி எட்டாத சுகாதார நிலையங்களுக்குக் கம்பம் நடுங்கள்! தோழர்களே, உங்கள் வட்டாரத்தில் எந்த நிலையத்துக்குத் தொடர்பில்லை, எந்த மேட்டிலிருந்து எந்த மேடு தெரிகிறது என்று பார்த்து மனு எழுதுங்கள். இலாபக் கணக்கு அவர்களுடையது, கண்கள் நம்முடையவை.