முடியாத தையல்

தமிழில் 'தையல்' என்றால் பெண் என்றும் பொருள். ஊசிவேலை என்றும் பொருள். இவ்விரண்டையும் ஒரே சொல்லில் வைத்த நம் முன்னோர், 'முடிக்காமல் வைத்த தையல்' என்பதற்குத் தனியாக ஒரு சொல் வைக்காமற் போனது ஆச்சரியந்தான். ஏனென்றால், சேலத்திலிருந்து நாமக்கல் வரையில் உள்ள வீடுகளில் எந்த அலமாரியைத் திறந்தாலும், அதன் அடித்தட்டில் இந்தச் சரக்கு இருக்கக் காணலாம். மூக்கும் ஒரு கண்ணும் மட்டும் பெற்ற பிள்ளையார். தோகை விரிக்காத மயில். கூரை வேயாத குடிசை. 'நல்வரவு' என்பதில் 'நல்' மட்டும் முடிந்த வாசற் பலகை. இவற்றைப் பார்த்து வீட்டு எஜமானர் சிரிக்கிறார். எஜமானியம்மாள் அலமாரியைச் சாத்திவிடுகிறாள். சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது, சாத்துவதற்குத்தான் என்ன இருக்கிறது என்று இந்த வாரம் சற்று விசாரிப்போம்.

இந்த வேலையைப் பள்ளிக்கூடத்தில் 'பெருக்கல் தையல்' என்பார்கள். கடைவீதியில் 'கிராஸ் ஸ்டிச்' என்றால்தான் தெரியும். கட்டங் கட்டமாக நெய்த மேட்டித் துணியில், ஒவ்வொரு கட்டத்தின் மேலும் இரண்டு சாய்ந்த தையல்கள் ஒன்றையொன்று வெட்டுமாறு போடவேண்டும். மேலே வரும் தையல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும் என்பது ஒன்றே விதி. எட்டு வயதுக் குழந்தை கூடக் கால் மணியில் கற்றுக்கொண்டுவிடும். வந்த வினை இங்கேதான். கற்பதற்கு இவ்வளவு சுலபமான காரியம் முடிப்பதற்கும் சுலபமாக இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது.

கணக்கைப் பார்ப்போம். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில், பத்து அங்குலச் சதுரத்தில் ஒரு மயில் என்று வைத்துக்கொள்வோம். நீளத்தில் 140, அகலத்தில் 140. ஆக 19,600 கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தையல் வீதம் 39,200 தையல்கள். மணிக்கு இருநூறு கட்டம் ஓடினால் 98 மணி நேரம் ஆகும். தினம் அரை மணி தவறாமல் உட்கார்ந்தால் 196 நாள்; அதாவது ஆறரை மாதம். இந்த ஆறரை மாதத்தில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், ஒரு பரீட்சை, நாத்தனாரின் ஒரு பிரசவம் ஆகியவை வராத குடும்பம் எது? கடையில் துணி வாங்கும் சகோதரியிடம் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. மாறாக, அடுத்த மாதம் இன்னும் அழகான ஒரு படத்தைக் கடைக்காரர் வரவழைத்துவிடுகிறார்!

"எல்லாம் ஆரம்ப சூரத்தனம்!" என்று ஆண்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஆரம்ப சூரர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். மேல்நாட்டில் கைவேலை செய்கிறவர்கள், முடிவு பெறாத பொருள் என்பதை முதலெழுத்துக்களால் சுருக்கி 'யூ.எஃப்.ஓ.' என்று அழைக்கிறார்கள். பறக்கும் தட்டுக்கும் அங்கே அதுதான் பெயர். இரண்டும் எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது அல்லவா? ஆயினும், இக்குவியலுக்கு உண்மைக் காரணம் சோம்பல் அன்று. குடும்பப் பெண்ணுக்குக் காலம் முழுத் துணியாகக் கிடைப்பதில்லை. துண்டு துண்டாகவே கிடைக்கிறது. சோறு வேகும் வரையில் ஒரு துண்டு, குழந்தை தூங்கும் வரையில் ஒரு துண்டு. அலமாரியில் கிடக்கும் பாதி மயில், தைத்தவளுடைய குறையைக் காட்டுவதைவிட, அவளை எத்தனை தடவை எழுப்பினார்கள் என்பதையே காட்டுகிறது.

"இது அந்நியச் சரக்கு, இதற்கு ஏன் இத்தனை பரிவு?" என்று தேசபக்தர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கட்டம் போட்ட காகிதத்தில் வர்ணம் தீட்டிய மாதிரிகள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பெர்லின் நகரிலிருந்து பரவியவை. பெயர்பெற்ற டி.எம்.ஸி. நூலை விற்கும் கம்பெனி, பிரான்ஸிலுள்ள மூலூஸ் நகரில் 1746-இல் தொடங்கியது. ஆனால், தையல் மட்டும் அவர்களுடைய சொத்தன்று. கன்னட தேசத்துக் 'கசூதி' வேலையில் நான்கு வகைத் தையல்கள் உண்டு; அவற்றில் ஒன்றான 'மெந்தி' இந்தக் குறுக்குத் தையலேதான். வெந்தயம் தூவினாற்போல் இருப்பதால் அந்தப் பெயர். நம் நீலகிரியில் தோடர் குலப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகச் செய்யும் பூவேலை வேறு வகைத் தையலாயினும், அதுவும் இழையை எண்ணிச் செய்வதே. வரைபடம் கிடையாது, கண்ணும் விரலுமே கணக்கு. அதற்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே, இழை எண்ணித் தைக்கும் வித்தை நமக்குப் புதிதன்று.

சேலம், நாமக்கல் சீமைக்கு நூலைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லவேண்டியதுமில்லை. இளம்பிள்ளையிலும் இராசிபுரத்திலும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நமது வாசகர்களில் பலர். நெசவாளி வீட்டில் பாவு ஏற்றிவிட்டால், அதை நெய்து முடித்து அறுத்தே ஆகவேண்டும். பாதிப் பாவைச் சுருட்டி அலமாரியில் வைக்க முடியாது. வைத்தால் அடுப்பு எரியாது. தார் சுற்றும் பெண்ணுக்கும் அப்படியே. பொழுதுபோக்காகத் தைப்பவள் பாதியில் நிறுத்தலாம், அவளைக் கேட்பாரில்லை. இந்தச் சலுகை சிறியதன்று. கூலிக்கு அல்லாமல் தன் மகிழ்ச்சிக்காகவே ஒரு காரியத்தைச் செய்ய ஒரு பெண்ணுக்குக் கிடைத்த சொற்ப உரிமை அது. அந்த உரிமையை வீணாக்காமல் இருப்பது எப்படி என்பதே கேள்வி.

இதற்குச் சரித்திரத்தில் ஒரு பாடம் இருக்கிறது. 1924 டிசம்பரில் பெல்காமில் காந்திஜியின் தலைமையில் கூடிய காங்கிரஸ், அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் நூல் செலுத்தவேண்டும் என்று விதித்தது. தாமே நூற்க மனமில்லாதவர் பிறர் நூற்றதைக் கொடுக்கலாம் என்ற சலுகையும் இருந்தது. அப்படியும், ஓர் ஆண்டு நிறைவதற்குள், 1925 செப்டம்பரில் பாட்னாவில், நூலுக்குப் பதில் நான்கணா செலுத்தினாலும் போதும் என்று மாற்றவேண்டியதாயிற்று. தேசத்தையே விடுவிக்கப் புறப்பட்ட வீரர்கள் வீட்டிலும் ராட்டினம் பரணுக்குப் போனது என்றால், நம் சகோதரிகளை மட்டும் கேலி செய்வானேன்? ஆனால் அதே 1925-இல், திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். சுற்றுக் கிராமத்துப் பெண்கள் நூற்றார்கள். நெசவாளிகள் அதை நெய்தார்கள். அங்கே நூல் ஓடியதற்குக் காரணம் உற்சாகம் மட்டுமன்று. கொடுப்பதற்கு ஓரிடம், வாங்குவதற்கு ஓர் ஆள், எடுத்த காரியத்துக்கு ஒரு பயன் என்ற மூன்றும் அங்கே இருந்தன.

இன்னும் அருகில் ஓர் உதாரணம் உண்டு. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. இன்று தர்மபுரி மாவட்டம். 1965 வரையில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. அங்குள்ள தாண்டாக்களில் லம்பாடி மக்கள் வசிக்கிறார்கள். அவர்கள் முன்னோர் பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றி நாடு முழுவதும் சென்றவர்கள். அப்பெண்களின் பாவாடையிலும் ரவிக்கையிலும் இருந்த பூவேலை உலகப் பிரசித்தி பெற்றது. ஆனால், உடை மாறிப் புடவை வந்தபோது ஊசி நின்றுவிட்டது. பாட்டி அறிந்ததைப் பேத்தி அறியவில்லை. ஒரு வீட்டின் கைவேலையல்ல, ஒரு குலத்தின் கைவேலையே பாதியில் மடித்து வைக்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே மருத்துவமனை அமைத்த டாக்டர் தம்பதிகளில் ஒருவரான லலிதா ரெஜி தூண்டுகோலாக இருக்க, இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், முதியவர் சிலரிடம் எஞ்சியிருந்த தையல்களை இளம் பெண்கள் கற்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய சங்கத்துக்குப் பெயர் 'பொர்கை'. லம்பாடி மொழியில் பெருமிதம் என்று பொருள். இன்று அந்தப் பூவேலை அவர்களுக்கு வருமானமும் தருகிறது. இரண்டு தலைமுறை நின்ற ஊசி மறுபடி ஓடுமானால், இரண்டு வருஷம் நின்ற ஊசி ஓடாதா?

ஆகவே, சகோதரிகளுக்கு ஒரு யோசனை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து, எல்லாவற்றையும் பாயில் பரப்பி நான்காகப் பிரியுங்கள். பாதிக்கு மேல் முடிந்தவை முதல் பங்கு. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துத் தொடருங்கள். இரண்டாவது, சுருக்கினால் முடிபவை. தோகையில்லாவிட்டால் என்ன? மயிலின் தலையும் கழுத்துமே ஓர் அழகான தலையணை உறைக்குப் போதும். மூன்றாவது, உங்களுக்கு அலுத்தவை. தைக்க விரும்பும் பெண்ணுக்கு நூலோடு கொடுத்துவிடுங்கள். நான்காவது, எதற்கும் உதவாதவை. நூலைப் பிரித்துத் துணியை மீட்டுவிடுங்கள். இதில் அவமானம் ஒன்றுமில்லை.

எடுத்து வைக்கும் தையலுக்கும் சில பத்தியம் உண்டு. ஊசியைத் துணியில் குத்தி வைக்கலாகாது; துருக்கறை போகாது. வளையத்தைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வட்டத் தழும்பு விழும். நூலின் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள்; இரண்டு வருஷம் கழித்து எந்தப் பச்சை என்று தேடவேண்டியிராது. கஞ்சிப் பசை உள்ள துணியை இராமபாணப் பூச்சி விடாது. ஆகையால் அலசி, நன்றாய் உலர்த்தி, மடிப்பதற்குப் பதில் சுருட்டி, இரண்டு வசம்புத் துண்டுகளோடு வையுங்கள். முக்கியமாக, ஒன்று முடியும் வரையில் கடைவீதிப் பக்கம் இன்னொரு படத்துக்குப் போகாதிருங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. 1941-இல் ஜெர்மானியரிடம் யுத்தக் கைதியாயிருந்த பிரிட்டிஷ் மேஜர் காஸ்டாக்லி, கிழிந்த கம்பளிச் சட்டையிலிருந்து நூல் உருவி இதே குறுக்குத் தையலைத்தான் தைத்தார். ஓரத்துப் புள்ளிகளிலும் கோடுகளிலும் தந்தி மொழியில் ஹிட்லருக்கு ஒரு வசவையும் பொதிந்துவிட்டார். பொருள் விளங்காத ஜெர்மானியர் அதை முகாம்களில் காட்சிக்கு வைத்தார்களாம்! சிறைப்பட்டவனுக்கும் கூடத் தைக்க முழுசாய் ஒரு மணி நேரம் கிடைத்தது. நம் வீட்டு இல்லத்தரசிக்கு அது கிடைப்பதில்லை. தினம் அரை மணி, குழந்தையையும் வாசற் கதவையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். காப்பியை நீங்களே கலந்துகொள்ளுங்கள். மயில் தோகை விரிக்கிறதா இல்லையா என்று ஆறரை மாதத்தில் தெரிந்துவிடும்.