கச்சா எண்ணெய் விலை சரிந்தால் கம்பெனிகள் முதலில் கைவைப்பது எதில்? பைபேக் கணக்கு இதுதான்!

2020 ஏப்ரல் 20. அமெரிக்கச் சந்தையில் ஒரு பேரல் கச்சா எண்ணெய் விலை மைனஸ் 37.63 டாலர். ஆமாங்க, மைனஸ்! கொரோனா ஊரடங்கில் வண்டியும் ஓடல, விமானமும் பறக்கல. எண்ணெயைச் சேமிக்க இடமில்லாமல், கையில் இருந்து காசு கொடுத்து "எடுத்துட்டுப் போங்க" என்று சொல்ல வேண்டிய நிலை.

இப்படி ஒரு அடி விழும்போது பெரிய எண்ணெய் நிறுவனங்கள் செலவைக் குறைக்கும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா எதை முதலில் வெட்டுறாங்க, எதைக் கடைசி வரை தொடாமல் வைக்கிறாங்க என்பதில்தான் விஷயமே இருக்கு.

முதலில் நிற்பது பைபேக்

பைபேக் என்றால், நிறுவனம் தன்னுடைய பங்குகளைத் தானே சந்தையில் திரும்ப வாங்குவது. 100 பங்கு 90 ஆகிவிட்டால், அதே லாபத்தைக் குறைவான பங்குகள் பிரிச்சுக்கும். பங்குதாரருக்கு லாபம்.

டிவிடெண்ட் அப்படி இல்லை. காலாண்டுக்கு இவ்வளவு என்று வந்துகொண்டே இருக்கும் பணம் அது. அதைக் குறைத்தால் "கம்பெனி ஆட்டம் கண்டுடுச்சு" என்று சந்தை முடிவு பண்ணிடும். பைபேக்கை நிறுத்தினால் அவ்வளவு கலவரம் வராது.

அதனால்தான் 2020 மார்ச் 24-லேயே செவ்ரான் ஆண்டுக்கு 500 கோடி டாலர் பைபேக் திட்டத்தை நிறுத்தியது. அதே அறிவிப்பில் 2,000 கோடி டாலர் முதலீட்டுச் செலவும் 1,600 கோடியாகக் குறைந்தது. எக்ஸான் மொபில் தன் 3,300 கோடி டாலர் திட்டத்தை 2,300 கோடியாக வெட்டியது.

டிவிடெண்டைக் காப்பாற்ற யார் கொடுத்த விலை?

ஷெல் தாங்கல. ஏப்ரல் 30 அன்று டிவிடெண்டை 47 சென்ட்டில் இருந்து 16 சென்ட்டாகக் குறைத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இதுதான் முதல் முறை. ஆகஸ்ட்டில் பிபி பாதியாக்கியது.

எக்ஸான் பிடிவாதமாக நின்றது. அந்த ஆண்டு நஷ்டம் 2,240 கோடி டாலர். அப்படியும் சுமார் 1,500 கோடி டாலர் டிவிடெண்ட் கொடுத்தது, கடன் வாங்கி! அதே நேரத்தில், அமெரிக்க ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்புக்கு நிறுவனம் போடும் பங்கை நிறுத்தி வைத்தது. ஒப்பந்த ஊழியர்கள் உட்பட உலகம் முழுக்க சுமார் 14,000 பேரைக் குறைக்கும் திட்டமும் வந்தது. பங்குதாரருக்குப் போகும் காசு நிற்கல, வேலை பார்ப்பவருக்குப் போகும் காசு நின்னுச்சு.

மலிவா இருக்கும்போது வாங்கல

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. 2020 அக்டோபரில் எக்ஸான் பங்கு 35 டாலருக்கும் கீழே. தன் பங்கைத் தானே வாங்க அதைவிட நல்ல நேரம் ஏது? ஆனா அப்போது கையில் காசு இல்லை. உக்ரைன் போருக்குப் பின் எண்ணெய் விலை எகிறி, பங்கு விலை 100 டாலரைச் சுற்றி இருந்த 2023-ல், சுமார் 1,700 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு ஜனவரியில் செவ்ரான் அறிவித்த பைபேக் 7,500 கோடி டாலர். சில்லறை முதலீட்டாளர்களை "உச்சத்தில் வாங்காதீங்க" என்று எச்சரிப்பார்களே, அந்த அறிவுரை இவங்களுக்கும் பொருந்தும்.

2025-ல் என்ன ஆச்சு?

ஏப்ரலில் டிரம்ப்பின் வரி அறிவிப்பு, கூடவே ஒபெக் பிளஸ் நாடுகளின் உற்பத்தி உயர்வு. பிரெண்ட் விலை 60 டாலர் அருகே இறங்கியது. கடன் சுமை அதிகமுள்ள பிபி உடனே காலாண்டு பைபேக்கை 175 கோடி டாலரில் இருந்து 75 கோடியாக்கியது. கயானாவில் குறைந்த செலவில் எண்ணெய் எடுக்கும் எக்ஸான், ஆண்டுக்கு 2,000 கோடி டாலர் திட்டத்தை மாற்றவே இல்லை.

செவ்ரான் வேகத்தைக் குறைத்தது, நிறுத்தல. ஆனா 2026 இறுதிக்குள் 15 முதல் 20 சதவீத ஊழியர்களைக் குறைக்கும் முடிவை, இந்த விலைச் சரிவு வருவதற்கு முன்பே, பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது.