கைமாறிய நிலமும் கைசேராத உதவித்தொகையும்

பல்கலைக்கழக ஆட்சிமன்றம் என்றால் பட்டமளிப்பு நாளில் பட்டு மேலாடை பூண்டு மேடையில் வீற்றிருப்போர் கூட்டம் என்றே பொதுமக்கள் பலரும் எண்ணியிருக்கின்றனர். ஆய்வுக்கென மக்கள் தந்த நிலத்தைக் காப்பதும், ஏழை மாணவனுக்குரிய உதவித்தொகை நாள் தவறாமல் அவன் கையில் சேர்வதைப் பார்ப்பதுமே அம்மன்றத்தின் தலையாய கடமைகள். ஒரே பல்கலைக்கழகம் இவ்விரண்டிலும் தவறியதை ஐதராபாதில் நாடே கண்டது.

1974-இல் அங்கு நடுவண் பல்கலைக்கழகம் தோன்றியது. தெலுங்கானா மக்களின் கிளர்ச்சிக்குப் பின் வந்த ஆறு கூற்று உடன்பாட்டின் பயன் அது. ஏறத்தாழ 2,300 ஏக்கர் நிலம் அதற்கென ஒதுக்கப்பட்டது. நிலத்தை ஒதுக்கினரே யன்றி, உரிமையாவணத்தைப் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மாற்றித் தந்தாரில்லை. அடுத்தடுத்து வந்த ஆட்சிமன்றங்களும் அதைப் பெற்று முடித்தாரில்லை. சாத்தான்குளத்து உழவன் அரைக் காணி வாங்கினாலும் முதல் வேலையாகப் பட்டாவுக்குத்தான் ஓடுவான். கற்றோர் அவைக்கு அது சிறு வேலையாகத் தோன்றியது போலும்!

2003-இல் அன்றைய ஆந்திர அரசு 400 ஏக்கரை விளையாட்டுத் திடல்கள் அமைக்கவென்று ஒரு தனியார் நிறுவனத்திற்கு ஒதுக்கியது. 2004 பிப்பிரவரியில் பல்கலைக்கழகம் 534 ஏக்கரை விட்டுக்கொடுத்துக் கோபன்பள்ளியில் 397 ஏக்கரை ஈடாகப் பெற ஒப்பியதாகவும், அதன் பதிவாளரே கையெழுத்திட்டு நிலத்தை ஒப்படைத்ததாகவும் அரசுத் தரப்பு சான்று காட்டுகிறது. கணக்குப் பார்த்தால் 137 ஏக்கர் குறைவு. 2006-இல் அடுத்த அரசு அவ்வொதுக்கீட்டை நீக்கியது. வழக்கு நீண்டு, 2024-இல் தனியார் நிறுவனம் தோற்றது. நிலம் பல்கலைக்கழகத்திற்கா திரும்பியது? அரசின் தொழில் உள்கட்டமைப்புக் கழகத்தின் கைக்குப் போயிற்று.

2025 மார்ச்சு 30 அன்று மண்வாரி எந்திரங்கள் காவலர் துணையோடு உள்ளே நுழைந்தன. குறுக்கே நின்ற மாணவர் வண்டிகளில் ஏற்றப்பட்டனர். மறுநாள் பல்கலைக்கழகம் ஓர் அறிக்கை விட்டது. எல்லை இன்னும் அளந்து வரையறுக்கப்படவில்லை யென்றும், நிலத்தைக் கைமாற்ற ஆட்சிமன்றத்தின் இசைவும் குடியரசுத் தலைவரின் இசைவும் வேண்டும் என்றும் அது கூறிற்று. நன்று; அந்த நெறி 2004-இல் எங்கே உறங்கிக் கிடந்தது? ஏப்பிரல் 3 அன்று உச்ச அறமன்றம் வெட்டை நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 100 ஏக்கர் மொட்டையடிக்கப்பட்டிருந்தது. மயிலும் மானும் வாழ்ந்த அவ்விடம் பதிவேட்டில் காடென்று இல்லை என்பதே அரசின் வாதம். குதிரைமொழித் தேரியைப் பார்த்து, 'வெறும் செம்மணல்' என்று சொல்லிப் போகும் அயலானின் வாதமும் இதுவே. அம்மணலில் வேரூன்றிய பனை எத்தனை குடும்பத்திற்குக் கஞ்சி வார்த்தது என்பதைப் பனையேறியிடம் அன்றோ கேட்க வேண்டும்!

இனி உதவித்தொகை. அதே பல்கலைக்கழகத்தில் 2015-இல் அம்பேத்கர் மாணவர் அமைப்பைச் சேர்ந்த ஐந்து ஆய்வு மாணவர்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஆட்சிமன்றத் துணைக்குழு அதனை உறுதிசெய்ய, அவர்கள் விடுதியினின்று வெளியேற்றப்பட்டு வெட்டவெளியில் படுத்துறங்கினர். ஐவருள் ஒருவரான உரோகித் வெமுலாவுக்குச் சூலைத் திங்கள் முதல் உதவித்தொகை வரவில்லை. தாள்வேலைத் தாழ்வே கரணியம் என்றது பல்கலைக்கழகம். 2016 சனவரி 17 அன்று அவர் மாய்ந்தார். ஏழு திங்கள் தொகை, ஓரிலக்கத்து எழுபத்தையாயிரம் உருபா, தமக்கு வரவேண்டியிருக்கிற தென்றும், அதைத் தம் குடும்பத்திற்குக் கிடைக்கச் செய்யுமாறும் அவர் தம் இறுதி மடலில் எழுதிவைத்தார். நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுக்க முடிந்த அலுவலகத்திற்கு, ஒரு மாணவனின் திங்கள் தொகைக்குக் கையெழுத்திட ஏழு திங்கள் போதவில்லை!

ஐதராபாது தொலைவில் உள்ளது என்று தமிழர் வாளாவிருத்தல் கூடாது. சாத்தான்குளத்தில் பெண்கள் கலைக்கல்லூரி உண்டு. அதில் படித்து ஆய்வுக்குப் போக விரும்பும் ஒரு பனைத்தொழிலாளியின் மகளை எண்ணிப் பார்க்க. திங்களுக்கு 37,000 உருபா தரும் நடுவணரசின் இளம் ஆய்வாளர் தொகையைப் பெற அவள் நெட் தேர்வில் வெல்ல வேண்டும். மொழிப்பாடங்கள் நீங்கலாக அத்தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அச்சாகிறது. இந்திக்காரன் தாய்மொழியில் வினாவைப் படிக்கிறான். இவள் அயல்மொழியில் படிக்கிறாள். பரிசு ஒன்றே, ஓட்டம் ஒன்றா? அத்தேர்வில் வெல்லாதவர்க்கென நடுவண் பல்கலைக்கழகங்களில் தரப்படும் 8,000 உருபாவும் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்க்கு இல்லை. அந்தச் சிறு தொகையையும் 2015 அக்டோபரில் நிறுத்த முனைந்தனர். மாணவர் தில்லித் தெருவில் இறங்கிய பின்னரே பின்வாங்கினர்.

நெல்லையை அடுத்த அபிசேகப்பட்டியில், 1990-இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திற்குப் பரந்த நிலம் இருக்கிறது. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரிக்கும், 1977-இல் தூத்துக்குடியில் தொடங்கிய மீன்வளக் கல்லூரிக்கும் ஆய்வு நிலம் இருக்கிறது. சாலை, அலுவலகம், தொழிற்பேட்டை என்று ஏதேனும் ஒரு பெயரால் நாளை எவரும் அவற்றைக் கேட்டு வரலாம். அதற்கு முன்பே, தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடியவர் பெயரைத் தாங்கும் அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றம் தன் நிலத்தின் அளவையும், எல்லையையும், ஆவணம் எவர் பெயரில் உள்ளதென்பதையும் தமிழில் அச்சிட்டு வெளியிடுக. நிலம்பற்றிய எந்த உடன்பாடும் கையெழுத்தாவதற்கு முப்பது நாள் முன்னதாக மாணவர் பார்வைக்கு வைக்கப்படுக. உதவித்தொகை நிலுவை எத்தனை பேர்க்கு, எத்தனை திங்களாக என்னும் கணக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் முதற்பொருளாகப் படிக்கப்படுக. இவற்றுக்குப் புதுச் சட்டமும் வேண்டா, பெரும்பணமும் வேண்டா. அடுத்த கூட்டத்திற்கு வரும் உறுப்பினர் ஒருவரேனும் எழுந்து நின்று கேட்டால் போதும்.